அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து கேம்: மேடன் கையில் இருக்கும்போது இது எதற்கு?

2025 ஜூலை 18 – ஒரு வாசகரின் கேள்வி

"என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகின் வீடியோ கேமாகிய மேடன் என்னிடம் இருக்கிறது. இந்த மாதம் வந்திருக்கும் காலேஜ் ஃபுட்பால் 26-உம் அதே இஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புதான். அதே பதினொரு பேர், அதே நூறு கெஜம். சட்டையும் சின்னமும்தான் வேறு. இதற்கு இன்னொரு எழுபது டாலர் கொடுப்பதில் என்ன பொருள்? அமெரிக்கக் கல்லூரி எதிலும் படிக்காதவனுக்கு இதில் என்ன கிடைத்துவிடப் போகிறது?"

ஜூலை 18, இரவு

சட்டையை விட்டுவிட்டு முதலில் தரையைப் பாருங்கள். மைதானத்தின் நெடுக இரண்டு வரிசைகளாகக் குறுங்கோடுகள் செல்கின்றன. ஒவ்வொரு முறையும் பந்தை எங்கே வைத்து ஆட்டத்தைத் தொடங்குவது என்பதை அவைதாம் தீர்மானிக்கின்றன. என்எஃப்எல்லில் அந்த இரு வரிசைகளுக்கும் இடையே உள்ள தூரம் 18 அடி 6 அங்குலம். கல்லூரி மைதானத்தில் அது 40 அடி. மைதானத்தின் மொத்த அகலம் 160 அடி என்பதால், பந்து ஒரு வரிசையின் மேல் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியும் இருக்கும். அந்த நூறடிப் பக்கத்தை எப்படிப் பயன்படுத்துவது, எதிரணி அதை எப்படிக் காப்பது என்பதிலேயே கல்லூரிப் பயிற்சியாளர்களின் மூளையில் பாதி செலவாகிறது. மேடனில் பழகிய கையோடு இங்கே வந்தால், ஓரமாக ஓடிவரும் குவார்ட்டர்பேக்கை (தாக்குதலை நடத்துபவர்) தடுக்க உங்கள் ஆள் வந்து சேர்வதற்குள் அவன் எட்டு கெஜம் கடந்திருப்பான்.

விதிகளிலும் வேறுபாடு உண்டு. பந்தைப் பிடிப்பவர் ஒரு காலை எல்லைக்குள் ஊன்றினால் இங்கே போதும். என்எஃப்எல்லில் இரண்டு கால்களும் ஊன்ற வேண்டும். பந்தை வைத்திருப்பவர் யாரும் தொடாமலே வழுக்கி விழுந்தாலும் இங்கே அந்த முயற்சி அத்துடன் முடிந்தது. ஆட்டம் சமநிலையில் முடிந்தால் இரு அணிகளும் மாறிமாறி 25 கெஜக் கோட்டிலிருந்து தாக்குகின்றன. இரண்டாம் சுற்றில் டச்டவுன் எடுத்தால், அதாவது பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டுசேர்த்தால், இரண்டு புள்ளி முயற்சி (அருகிலிருந்து இன்னொரு முறை பந்தை உள்ளே சேர்க்கும் முயற்சி) கட்டாயம். மூன்றாம் சுற்றிலிருந்து இரண்டு புள்ளி முயற்சிகள் மட்டுமே நடக்கும். இவையெல்லாம் கேமில் சரியாக இருக்கின்றன.

ஆனால் இவை கேள்விக்கு முழு விடை ஆகா. விதிகளை மட்டும் மாற்ற வேண்டுமானால் மேடனுக்கு உள்ளேயே ஒரு தெரிவாகக் கொடுத்துவிடலாம். என்எஃப்எல் என்ற அமைப்பு 32 அணிகளையும் சமமாக்கவே உழைக்கிறது. கடைசி இடத்துக்கு வந்த அணிக்கு அடுத்த ஆண்டு புதிய வீரர்களில் முதல் தெரிவு கிடைக்கிறது; சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. கல்லூரிகளை அந்த அளவுக்குச் சமமாக்கும் ஏற்பாடு கிடையாது. இந்த ஆண்டு கேமில் இருக்கும் 136 அணிகளில் சிலவற்றின் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். சிலவற்றில் இருபத்தைந்தாயிரம் இருக்கைகளே நிரம்புவதில்லை. இரண்டும் ஒரே பட்டியலில் இருக்கின்றன, சில சமயம் ஒரே சனிக்கிழமையில் மோதவும் செய்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வைக் கூச்சமில்லாமல் அப்படியே உள்ளே கொண்டுவரும் கேம்தான் விளையாடத்தக்கது என்பது என் துணிபு. அதை மழுப்பினால், நீங்கள் சொன்னதுபோல் சட்டை மாற்றிய மேடன்தான்.

ஜூலை 19

"ஏற்றத்தாழ்வு என்றால் பலவீனமான அணியை எடுத்துத் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பலவீனமான அணிகள் பலவான்களைப் போலவே ஆட முயன்றால் தோற்றுக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் கல்லூரி ஆட்டத்தில் இத்தனை வகைப் பாணிகள் முளைத்தன. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது டிரிப்பிள் ஆப்ஷன். ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் ஆகிய மூன்று இராணுவக் கல்லூரிகளோடு சேர்த்தே பேசப்படும் முறை அது. அங்கே சேரும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் படையில் பணியாற்ற வேண்டியவர்கள் என்பதால், நூற்றைம்பது கிலோ எடையுள்ள தடுப்பாளர்களைத் தேடிப் பிடித்து வரிசையில் நிறுத்த அவர்களால் முடிவதில்லை. ஆகவே எதிரணியின் வலிமையான ஒருவரைத் தடுக்காமலே விட்டுவிட்டு, அவர் எடுக்கும் முடிவையே அவருக்கு எதிராகத் திருப்புகிறார்கள்.

கேமில் அது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பந்து கைக்கு வந்ததும், பின்னால் நிற்கும் ஓட்டக்காரராகிய ஃபுல்பேக், குவார்ட்டர்பேக்காகிய உங்களை உரசிக்கொண்டு நேரே உள்ளே பாய்கிறார். உங்கள் கண் அவர்மேல் இருக்கக் கூடாது. தடுக்கப்படாமல் நிற்கும் அந்த எதிரணி ஓரக்காரர்மேல் இருக்க வேண்டும். அவர் உங்களை நோக்கி வந்தால் பொத்தானை அழுத்திப் பிடித்து ஃபுல்பேக்கிடம் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். அவர் ஃபுல்பேக்மேல் விழுந்தால் விரலை எடுத்துவிட்டுப் பந்தை நீங்களே வைத்துக்கொண்டு அகலப் பக்கம் ஓட வேண்டும். அங்கே இரண்டாவது ஆள் காத்திருப்பார். அவர் உங்கள்மேல் பாயும் கணத்தில், பக்கவாட்டில் நான்கைந்து கெஜம் தள்ளி ஓடிவரும் தோழருக்குப் பந்தை எறிய வேண்டும். ஒரு நொடி முந்தி எறிந்தால் அவர் மாட்டிக்கொள்வார், ஒரு நொடி பிந்தினால் பந்து தரையில் உருளும். இவ்வளவும் இரண்டு, மூன்று நொடிக்குள். கணிப்பு சரியாக அமைந்து, தொடப்படாமல் முப்பது கெஜம் ஓடும்போது கிடைக்கும் நிறைவை மேடனில் நான் ஒருநாளும் கண்டதில்லை. அங்கே குவார்ட்டர்பேக்கை இப்படி நாள் முழுதும் அடிவாங்க விடும் அணி எதுவும் கிடையாது.

ஜூலை 19, சற்று நேரம் கழித்து

டிரிப்பிள் ஆப்ஷன் செத்துப்போன முறை என்று கீழே எழுதியவருக்கு: 2024 பருவத்தில் ஆர்மி 12 ஆட்டங்களில் வென்று 2-இல் மட்டுமே தோற்றது, அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் குழுவின் பட்டத்தையும் பெற்றது. அந்தக் கல்லூரியின் நீண்ட வரலாற்றில் கான்ஃபரன்ஸ் பட்டம் என்று ஒன்று கிடைத்ததே அதுதான் முதல்முறை. பழைய வடிவத்தை அப்படியே ஆடவில்லை, காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் அதன் உயிர்நாடி அந்த ஆப்ஷன்தான். அதே ஆண்டு டிசம்பரில் நேவி அவர்களை 31–13 என்று வீழ்த்தியதும் அதே மரபிலிருந்து வந்த அணியாகத்தான்.

ஜூலை 21

டைனஸ்டி பற்றி எழுதாமல் இந்த விவாதம் நிறைவடையாது. ஒரு கல்லூரியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று, ஆண்டுக்கணக்காக அணியை நடத்தும் பகுதி அது. நான் வடகிழக்கு ஓஹியோவில் வசிப்பவன். எனவே கென்ட் ஸ்டேட் கல்லூரியை எடுத்துக்கொள்கிறேன். 2024-இல் அந்த அணி ஆடிய 12 ஆட்டங்களிலும் தோற்றது. அவர்கள் ஆடும் டிக்ஸ் ஸ்டேடியத்தில் சுமார் 25,000 பேர் உட்காரலாம். அவர்கள் இருக்கும் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் நவம்பர் மாத ஆட்டங்கள் பல, தொலைக்காட்சிக்காகச் செவ்வாய், புதன் இரவுகளுக்கு மாற்றப்படுகின்றன. கடுங்குளிரில், வேலைநாள் இரவில், பாதிக்கு மேல் வெறிச்சோடிய படிகளுக்கு முன்னால் ஆடுகிறார்கள். இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் கொலம்பஸ் நகரம். அங்கே ஓஹியோ ஸ்டேட் ஒரு லட்சம் பேருக்கு முன்னால் ஆடுகிறது. ஒரே மாநிலத்தின் பள்ளிகளிலிருந்துதான் இருவரும் பிள்ளைகளைத் தேடுகிறார்கள்.

ஆள்சேர்ப்பு எப்படி நடக்கிறது என்றால், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று உங்களுக்கு ஓர் ஒதுக்கீடு தரப்படுகிறது. அதைப் பள்ளி மாணவர்களிடையே பங்கிட வேண்டும்; பெரிய கல்லூரிக்கு அதிக நேரம், சிறிய கல்லூரிக்குக் குறைவான நேரம். ஒவ்வொரு மாணவனுக்கும் சில விருப்பங்கள் இருக்கும். ஒருவன் முதல் ஆண்டிலேயே களமிறங்க வேண்டும் என்கிறான். ஒருவனுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருவன் படிப்பின் தரத்தைக் கேட்கிறான். இன்னொருவனுக்கு என்எஃப்எல்லுக்குப் போகும் வழி வேண்டும். கென்ட் ஸ்டேட்டிடம் கொடுப்பதற்கு இருப்பவை பெரும்பாலும் முதலிரண்டுதான். எனவே நான் கிளீவ்லாந்து, அக்ரன், யங்ஸ்டவுன் பக்கத்துப் பையன்களாகப் பார்த்து, பெரிய கல்லூரிகளின் கண்ணில் படாத, திறமைக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம் பெற்றவர்களிடம் நேரத்தைச் செலவிடுகிறேன்.

அப்படி ஒரு குவார்ட்டர்பேக்கைப் பிடித்தேன். உயரம் குறைவு, கை வலிமை சுமார், ஓட்டம் மட்டும் நன்று. முதல் ஆண்டு நான்கு ஆட்டங்களுக்கு மேல் இறக்காமல் வைத்திருந்தேன். அப்படிச் செய்தால் அந்த ஆண்டு அவனுடைய நான்கு ஆண்டுத் தகுதியில் கணக்காகாது. இரண்டாம் ஆண்டில் தோல்விகளோடு தோல்வியாகக் கற்றுக்கொண்டான். மூன்றாம் ஆண்டில் கான்ஃபரன்ஸிலேயே சிறந்த ஆட்டக்காரனாகி, பருவ முடிவில் தேர்ந்த அணிகளுக்கு நடக்கும் பவுல் ஆட்டத்துக்கு எங்களை அழைத்துச் சென்றான். பருவம் முடிந்ததும் திறந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலில், அவன் பெயர் இருந்தது. கல்லூரியின் பெயர் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை அவன் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனையாக வைத்திருந்தான். எங்களால் அதை ஈடுகட்ட முடியவில்லை. தங்கவைக்கப் பேசிப் பார்க்கும் வாய்ப்பைக் கேம் தருகிறது. பேசினேன், அவன் போய்விட்டான். அடுத்த ஆண்டு பெரிய கான்ஃபரன்ஸ் அணி ஒன்றின் சட்டையில் அவனைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மனம் கனத்தது. கணினி உருவாக்கிய, நிஜத்தில் இல்லாத ஒருவனுக்காக.

மேடனில் நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்தால் பதினைந்து ஆண்டுகள் அவரோடு குடும்பம் நடத்தலாம். இங்கே யாராக இருந்தாலும் நான்கைந்து ஆண்டுகளில் போய்விடுவார்: பட்டம் பெற்றோ, என்எஃப்எல்லுக்கோ, வேறு கல்லூரிக்கோ. அணி என்று எஞ்சுவது கல்லூரியின் பெயரும் பயிற்சியாளராகிய நீங்களும் மட்டும்தான். ஆகவே ஒவ்வொரு ஆகஸ்டிலும் பட்டியலைத் திறந்து, யார் இருக்கிறார்கள், எந்த இடம் காலி, இந்தப் பிள்ளைகளுக்கு எந்தப் பாணி பொருந்தும் என்று புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. என்னைத் திரும்பத் திரும்ப இழுத்து உட்கார வைப்பது அந்த ஆகஸ்டு மாத வேலைதான்.

ஜூலை 22

நேற்றைய குறிப்பு இந்த அணிகளின் கதையை ஒரேயடியாகத் துயரமாக்கிவிட்டது என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். எனவே கென்ட் ஸ்டேட்டின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012-இல் இதே கல்லூரி 11 ஆட்டங்களில் வென்றது. கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் நார்தர்ன் இல்லினாய் அணியிடம் இரண்டு கூடுதல் சுற்றுகள் வரை போராடி 44–37 என்று தோற்றது. அன்று வென்ற நார்தர்ன் இல்லினாய் ஆரஞ்சு பவுலில் ஃபுளோரிடா ஸ்டேட்டை எதிர்த்து ஆடும் இடத்துக்குப் போனது. ஓர் இரவு வேறு மாதிரி முடிந்திருந்தால் அந்த இடத்தில் கென்ட் நின்றிருக்கக்கூடும். அந்த ஆண்டு அவர்களுக்குக் கிடைத்த சிறிய பவுல் ஆட்டமே நாற்பது ஆண்டுகளில் முதலாவது.

அதே நார்தர்ன் இல்லினாய் 2024 செப்டம்பர் 7 அன்று நோத்ர் டேம் அணியை அவர்கள் மைதானத்திலேயே 16–14 என்று வென்றது. அப்போது தேசியத் தரவரிசையில் நோத்ர் டேம் ஐந்தாம் இடத்தில் இருந்தது. அந்தப் பருவத்தின் முடிவில் தேசிய இறுதி ஆட்டம் வரை போனதும் அதே நோத்ர் டேம்தான். அந்த வெற்றி எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். நீண்ட ஓட்டத் தாக்குதல்களால் நேரத்தைக் கரைத்தார்கள், கடைசி நிமிடத்தில் பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து ஃபீல்டு கோல் அடித்தார்கள், எதிரணியின் இறுதி உதையைத் தடுத்தார்கள். ஒரு கேம் நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: பலவீனமான அணியை வைத்துக்கொண்டு, இப்படிப் பொறுமையாக, அசிங்கமான ஓர் ஆட்டம் ஆடி, பெரிய அணியை 16–14 என்று வெல்ல அது இடம் தருகிறதா? அதிசயமான ஐம்பது கெஜ எறிகளால் மட்டுமே வெல்ல முடியும் என்றால் அந்தக் கேமில் ஏதோ கோளாறு. காலேஜ் ஃபுட்பால் 25 முதல் வந்திருக்கும் உடல் தேய்மான முறை இங்கே உதவுகிறது. எதிரணியின் நட்சத்திர ஓட்டக்காரரின் காலில், தோளில் விழும் ஒவ்வோர் அடியும் கணக்கில் சேர்ந்து, நான்காம் கால்பகுதியில் அவருடைய வேகத்தில் தெரிகிறது. நேரத்தை இழுத்து, அடி கொடுத்து ஆடும் அணிக்கு அதன் பலன் கிடைக்கிறது.

ஜூலை 24

ஒலியைப் பற்றி நான் ஒன்றும் எழுதாதது வியப்பாக இருக்கிறது என்கிறார் ஒருவர். எழுதுகிறேன்.

1988 அக்டோபர் 8 இரவு, லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி ஆபர்ன் அணியோடு மோதியது. ஆட்டம் முடியும் தறுவாயில் எல்எஸ்யு எடுத்த டச்டவுன் 7–6 என்ற வெற்றியைத் தந்தது. அப்போது எழுந்த ஆரவாரத்தின் அதிர்வு அதே வளாகத்தில் இருந்த நில அதிர்வுமானியில் பதிவாயிற்று. பூகம்ப ஆட்டம் என்றே அதை இன்றும் சொல்கிறார்கள். கல்லூரி மைதானத்தின் சத்தம் வெறும் பின்னணி இசையாக இருக்க முடியாது, அது ஆட்டத்தை மாற்றுகிற ஒரு விசை. கேம் அதை ஆட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரியின் கைல் ஃபீல்டு, காலேஜ் ஃபுட்பால் 25-இன் கடினமான மைதானங்களின் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அங்கே விருந்தினராகப் போய் மூன்றாம் டவுனில் (நான்கு முயற்சிகளில் மூன்றாவது) நிற்கும்போது திரை நடுங்குகிறது. யார் எந்தப் பாதையில் ஓடப்போகிறார்கள் என்று காட்டும் கோடுகள் புழுவாய் நெளிந்து படிக்க முடியாமல் போகின்றன. பந்தை வாங்குபவர்களின் தலைமேல் தெரிய வேண்டிய பொத்தான் குறிகளும் மறைந்துவிடும். அந்த நேரத்தில் உங்களுக்கு உதவுவது மனப்பாடம் மட்டும்தான். எந்தப் பொத்தானுக்கு எந்த ஆள், அவர் எத்தனை கெஜத்தில் திரும்புவார் என்பதை வீட்டு மைதானத்தில் ஆடும்போதே நெஞ்சில் பதித்திருக்க வேண்டும். நல்ல பயிற்சியாளர்கள் இரைச்சலான மைதானத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம் பயிற்சித் திடலில் ஒலிபெருக்கிகளை அலறவிடுவது இதற்காகத்தான். இந்த யோசனை புதிதும் அன்று. 2004-இல் வந்த, இந்தக் கேமின் பழைய வரிசையைச் சேர்ந்த என்சிஏஏ ஃபுட்பால் 2005-லேயே சொந்த மைதானத்தின் அனுகூலம் இருந்தது.

சடங்குகளும் அப்படியே. கிளெம்சன் வீரர்கள் பாறையைத் தொட்டுவிட்டுக் குன்றிலிருந்து இறங்கி ஓடிவருவதும், கொலராடோவின் நிஜக் காட்டெருமை மைதானத்தைச் சுற்றி ஓடுவதும், பாய்சி ஸ்டேட்டின் நீலத் தரையும் பார்ப்பதற்கு அழகு. முதல் சில வாரங்களுக்குப் பிறகு பலரும் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் தாண்டுவதில்லை. ஆனாலும் ஒரு கேமின் தகுதியை இவற்றைக் கொண்டு நிறுக்க மாட்டேன்.

ஜூலை 25

பணத்தைப் பற்றிய கேள்வி வந்தே தீரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. "பதினொரு ஆண்டுகள் இந்தக் கேம் ஏன் வரவில்லை? அதனால் என்ன நஷ்டம்?"

பழைய பதிப்புகளில் வீரர்களுக்குப் பெயர் கிடையாது. ஃபுளோரிடா அணியில் "குவார்ட்டர்பேக், எண் 15" என்று ஒருவர் இருப்பார். அவருடைய உயரம், எடை, இடது கை எறி எல்லாம் டிம் டிபோவுடையவை. எல்லோருக்கும் யாரென்று தெரியும், பெயர் மட்டும் இருக்காது. மாணவர்கள் ஊதியமற்றவர்கள் என்ற கொள்கையைக் காட்டி அவர்களுக்கு ஒரு காசும் தரப்படவில்லை. கல்லூரிகளுக்கும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்புக்கும் உரிமத் தொகை போனது. யுசிஎல்ஏ கல்லூரியின் பழைய கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், ஒரு நண்பரின் வீட்டில் கூடைப்பந்து கேம் ஒன்றில் தன்னையே பார்த்தார். வழுக்கைத் தலை, இடது கை, எண் 31. 2009-இல் அவர் வழக்குத் தொடுத்தார். அரிசோனா ஸ்டேட்டிலும் நெப்ராஸ்காவிலும் ஆடிய குவார்ட்டர்பேக் சாம் கெல்லரும் அதே ஆண்டு கால்பந்து கேமுக்காக வழக்குப் போட்டார். 2013 ஜூலையில் என்சிஏஏ ஃபுட்பால் 14 வெளிவந்த அதே மாதத்தில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று என்சிஏஏ அறிவித்தது. வழக்குகளில் இஏ நிறுவனமும் உரிம நிறுவனமும் 40 மில்லியன் டாலரும், என்சிஏஏ 20 மில்லியன் டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டன. 2021 ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. அதன் பிறகே 2024 ஜூலை 19 அன்று காலேஜ் ஃபுட்பால் 25 வந்தது. சம்மதித்த வீரர்களுக்குத் தலைக்கு 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் தரப்பட்டன. பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சம்மதித்தார்கள்.

600 டாலர் போதாது என்று சொல்பவர்களோடு நானும் உடன்படுகிறேன். இத்தனை பெரிய விற்பனை கண்ட ஒரு பொருளில் அந்த முகங்களே சரக்கு. ஆயினும் பெயரைத் திருடாமல் கேட்டு வாங்கிய கேம் என்பது எனக்கு முக்கியம். கேள்வி கேட்டவர் "விளையாடத்தக்கதா" என்று கேட்டார். மனச்சங்கடம் இல்லாமல் விளையாட முடிவதும் அந்தத் தகுதியில் ஒரு பங்கு என்று நான் நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இதில் அடங்கும். டெக்சஸ் அணியின் ஆர்ச் மேனிங் முதலில் சம்மதிக்காமல் இருந்து, பிறகு சேர்ந்தார். இடைப்பட்ட நாட்களில் கேமில் அவர் இல்லை. அது சரியான நடைமுறை.

ஜூலை 25, பின்குறிப்பு

மேலே சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். பெயரில்லாத அந்த ஆண்டுகளில், ஒவ்வொரு கோடையிலும் சில ரசிகர்கள் 120-க்கும் மேற்பட்ட அணிகளின் பட்டியல்களைத் திறந்து, ஒவ்வொரு வீரரின் பெயரையும் கையால் தட்டி, முடி நிறம் முதல் கையுறை வரை திருத்தி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். 2013-க்குப் பிறகு புதிய கேம் வராதபோதும் அந்த வேலை நிற்கவில்லை. ஆண்டுதோறும் புதிய பருவத்தின் வீரர்கள் பழைய பதிப்புக்குள் வந்தார்கள். காலேஜ் ஃபுட்பால் ரீவாம்ப்டு என்ற பெயரில் சட்டைகளும் மைதானங்களும் புதுப்பிக்கப்பட்டன. பிளேஸ்டேஷன் 3 வட்டு ஒன்றின் பழைய பிரதி நூறு டாலருக்கு மேல் விலைபோனதும் இதனால்தான். ஒரு கேம் விளையாடத்தக்கது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று எனக்குத் தெரியவில்லை. அதில் பழைய படங்கள், பழைய இயக்கம், இணைய வசதிகளும் அற்றுப்போன நிலை. ஆனாலும் மக்கள் பதினொரு ஆண்டுகள் டைனஸ்டி நடத்தினார்கள்.

ஜூலை 28

படச்செறிவு இல்லாமலும் இது நடக்குமா என்றால், நடக்கும். கைப்பேசியில் 2023-இல் வந்த ரெட்ரோ பவுல் காலேஜ், கட்டம் கட்டமான புள்ளிப் படங்களால் ஆனது. தாக்குதல் மட்டும் நம் கையில், தடுப்பாட்டம் தானாக நடந்து முடிகிறது. கல்லூரிகள் இருநூறுக்கும் மேல். அதிலும் பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விடுகிறார்கள், அடுத்த ஆண்டு வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். எழுபது டாலர் கேமைப் பற்றித் தயங்குபவர்கள் முதலில் அதைத் தொட்டுப் பார்க்கலாம்.

ஜூலை 29

அல்டிமேட் டீம் பற்றி மூன்று பேர் கேட்டிருப்பதால் சுருக்கமாக. சீட்டுக்கட்டுகளை வாங்கி, வெவ்வேறு கல்லூரிகளின் இன்றைய, பழைய வீரர்களை ஓர் அணியாகச் சேர்க்கும் பகுதி அது. மேடனில் இருப்பதன் நகல். ஓஹியோ ஸ்டேட் காரரும் மிச்சிகன் காரரும் ஒரே சட்டையில் நிற்கிறார்கள். இந்த ஊர், இந்த வளாகம், இந்தப் பகை என்பது அங்கே கரைந்துபோகிறது. மின்னசோட்டாவும் அயோவாவும் 1935 முதல் வெண்கலப் பன்றி ஒன்றுக்காக ஆண்டுதோறும் மோதுகின்றன. அந்தப் பன்றி யாரிடம் இருக்கிறது என்பது அந்த இரு மாநிலங்களின் பண்ணை வீடுகளில் ஆண்டு முழுதும் பேசப்படும் விஷயம். சீட்டுக்கட்டு அணிக்கு அப்படி எதுவும் இருக்க வழியில்லை. பணம் செலவழிப்பவருக்கு வலுவான அணி என்பதும் எனக்கு ஏற்பில்லை. அந்தப் பகுதியை மட்டும் ஆட எண்ணினால், கேள்வி கேட்டவர் மேடனிலேயே இருக்கலாம்.

ஆகஸ்ட் 2

ஜூலை 18 அன்று "ஏற்றத்தாழ்வு" என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தியதைப் பற்றி மேலும் யோசித்தேன். ஏற்றத்தாழ்வு மட்டும் போதாது. அது அசைய வேண்டும். பழைய என்சிஏஏ கேம்களில் சிறிய அணியை எடுத்து ஐந்தாறு ஆண்டுகளில் தேசியப் பட்டம் வாங்கிவிடலாம். அதன் பின் ஐந்து நட்சத்திரப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், சுவாரசியம் வடிந்துவிடும். இப்போதைய பதிப்புகளில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் அந்த ஏற்றத்தை எதிர்த்துக்கொண்டே இருக்கிறது. வென்றால் உங்கள் பிள்ளைகளைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களிடம் இடம் கிடைக்காத பிள்ளைகள் உங்களிடம் இறங்கி வருகிறார்கள். நிஜத்திலும் 2024-இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்இசி கான்ஃபரன்ஸுக்கும், யுஎஸ்சி, யுசிஎல்ஏ, ஆரிகன், வாஷிங்டன் ஆகியவை பிக் டென் கான்ஃபரன்ஸுக்கும் போய்விட்டன. நூறாண்டுப் பழமையான பசிபிக் கான்ஃபரன்ஸில் அன்று எஞ்சியவை ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். கேமில் கான்ஃபரன்ஸ்களை நாமே மாற்றி அமைக்கலாம். பழைய பசிபிக் பத்து அணிகளையும் மீண்டும் ஒன்றாகச் சேர்த்து ஆடுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன்; தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் உடைத்ததை என் வீட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3

கேள்வி கேட்டவர் வாங்கிவிட்டாராம். எந்தக் கல்லூரி, என்ன அமைப்பு என்று கேட்கிறார்.

அலபாமா, ஜார்ஜியா, ஓஹியோ ஸ்டேட் வேண்டாம். நீங்கள் கற்றுக்கொள்வதற்குள் வென்றுவிடுவீர்கள். நேவியை எடுத்து ஒரு பருவம் ஆப்ஷன் மட்டும் ஆடிப் பாருங்கள், பிறகு உங்களுக்குத் தெரிந்த ஊர் எதற்காவது அருகில் இருக்கும் சிறிய கல்லூரியில் டைனஸ்டியைத் தொடங்குங்கள். மேடன் பழக்கம் இருப்பதால் கடினத்தில் முதல் நிலையாகிய ஃப்ரெஷ்மனைத் தவிர்த்து, வார்சிட்டியில் ஆரம்பித்து, இரண்டாம் பருவத்தில் ஆல்-அமெரிக்கனுக்கு ஏறலாம். ஆள்சேர்ப்பைக் கணினியிடம் ஒப்படைக்காதீர்கள். முதல் வாரத்திலேயே ஒதுக்கீட்டு நேரம் முழுவதையும் ஐந்து நட்சத்திரக்காரன் ஒருவன்மேல் கொட்டத் தோன்றும். அவன் வரமாட்டான். அந்த நேரத்தைப் பிரித்து, ஓட்டக்காரருக்கு வழி திறக்கும் தடுப்பாளர்கள் நாலைந்து பேரைப் பக்கத்து ஊர்களில் தேடுங்கள். மூன்றாம் ஆண்டில் அவர்கள்தான் உங்களைத் தாங்குவார்கள்.